அழுங்கு சார் சரிபார்த்த அறுபத்திரண்டு படிவங்கள்

ஒரு காட்டில் ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. சிங்கம் இல்லாத காட்டுக்கதையை நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சிங்கமும் இருந்தது. அதுதான் கல்லூரியின் தாளாளர். ஆனால் தாளாளர்கள் கட்டடத் திறப்பு விழாவுக்குத்தான் வருவார்கள், கதைக்குள் வருவதில்லை. ஆகவே சிங்கத்தை இத்தோடு விட்டுவிடுவோம்.

அந்தக் கல்லூரியின் கணினி அறிவியல் துறையில் முயல், கீரி, மரநாய், உடும்பு, காட்டுப்பன்றி என்று அறுபத்திரண்டு பேர் இறுதியாண்டு படித்தார்கள். எல்லோருக்கும் நிரல் எழுதத் தெரியும். எதற்காக எழுதுகிறோம் என்று மட்டும் தெரியாது. அது தெரியாததால்தான் அவ்வளவு வேகமாக எழுதினார்கள் என்பது என் கட்சி.

ஒரு நாள் அங்கீகாரக் குழுவிடமிருந்து கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மாணவர்களுக்கு அறிவு இருப்பதற்கான ஆவணம் உள்ளது. அறம் இருப்பதற்கான ஆவணம் இல்லை. அடுத்த வருகைக்குள் சரிசெய்யவும்.'

முதல்வர் காட்டெருமை கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"அறம் இல்லைன்னு சொல்லல. ஃபைல் இல்லைன்னுதான் சொல்றாங்க. ஃபைல்தானே, போட்டுருவோம்."

இப்படித்தான் 'தரவு அறமும் சமூகமும்' என்ற பாடம் பிறந்தது. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு அதற்கு ஒதுக்கப்பட்டது. பாடத்துக்குக் கிரெடிட் கிடையாது. ஆனால் தேறாவிட்டால் பட்டமும் கிடையாது. ஒரு பாடத்தை மாணவர்கள் வெறுக்க வேண்டுமென்றால் அதைவிட நல்ல ஏற்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

யார் நடத்துவது? ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் இதைக் கேட்டதும் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அழுங்கு மட்டும் தரையைப் பார்த்தார். தரையில் எறும்பு போய்க்கொண்டிருந்தது; அவர் இனத்தில் எல்லோருக்கும் அதுதான் சாப்பாடு. கூரையைப் பார்க்கத் தவறியவர் அவர் ஒருவர்தான், ஆகவே பாடம் அவர் தலையில் விழுந்தது.

அழுங்கு அந்தக் கல்லூரியில் பதினான்கு வருடமாகத் தற்காலிக உதவிப் பேராசிரியர். உடம்பு முழுக்கச் செதில், மனசு முழுக்கப் பயம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருக்குப் புதிதாக ஓர் ஆணை தருவார்கள். தராவிட்டால் வேறு கல்லூரி தேடலாம் என்றால், அந்தக் காட்டில் வேறு கல்லூரி இல்லை. யாராவது குரலை உயர்த்தினால் சட்டென்று பந்தாகச் சுருண்டுகொள்வார். குரல் தணிந்த பிறகுதான் விரிவார். இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பதினான்கு வருடம் ஓட்டினார்.

அப்படிப்பட்டவர் இந்தப் பாடத்தை நிஜமான பாடம் என்று நம்பிவிட்டார். இங்கேதான் கதை கெட்டுப்போகிறது.

முதல் வகுப்பில் அவர் சொன்னார்: "தரவுன்னா வெறும் எண்ணு இல்லப்பா. ஒரு முயல் எந்தப் பொந்துல தூங்குதுன்னு நீ எழுதி வச்சேன்னா, உன் கையில இருக்கிறது அந்த முயலோட தூக்கம். அதை நீ யார்கிட்ட குடுக்கிறே, எதுக்குக் குடுக்கிறே, அதுதான் இந்தப் பாடமே."

அறுபத்திரண்டு பேனாக்களும் திறந்திருந்தன. அழுங்குக்குப் புல்லரித்தது. பின் வரிசையிலிருந்து மரநாய் கையைத் தூக்கினான்.

"சார், இது ரெண்டு மார்க்கா, பதினாறு மார்க்கா?"

"மார்க்குக்காகச் சொல்லலப்பா. புரிஞ்சுக்கிறதுக்காகச் சொன்னேன்."

"அப்ப எழுத வேண்டாம்ல சார்?"

அறுபத்தோரு பேனாக்கள் மூடப்பட்டன.

அடுத்த வாரம் அழுங்கு இறங்கி வந்தார். குறிப்பு சொல்ல ஆரம்பித்தார். பிள்ளைகள் ஆர்வமாக எழுதிக்கொண்டார்கள்: அறம், வரையறை, வகைகள், நன்மைகள், தீமைகள், பயன்பாடுகள். அறத்தின் தீமைகள் என்ற தலைப்பை அவர் சொல்லவே இல்லை. நன்மை என்று ஒன்று வந்தால் அடுத்தது தீமை என்று அவர்களாகவே போட்டுக்கொண்டார்கள். அதன் கீழே உடும்பு எழுதியது: 'ஒன்று, நேரம் பிடிக்கும். இரண்டு, வேலை கிடைக்காது.' அழுங்கு சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிக்க மனம் வரவில்லை. இரண்டும் உண்மை.

"சார், சம்மதம்கிற கேள்விக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிச்சா கூட மார்க் உண்டா?" என்று முயல் கேட்டது.

"சம்மதத்துக்கு எப்படிப்பா படம்?"

அதற்குள் எல்லோரும் வரைந்துவிட்டார்கள். ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, இன்னொரு கட்டம். முதல் கட்டத்துக்குள் 'பயனாளி'. இரண்டாவது கட்டத்துக்குள் 'முடிந்தது'. பத்து வருடம் யோசித்தாலும் இதைவிடத் துல்லியமாக யாரும் வரைய முடியாது.

ஒரே ஒருத்திதான் வேறு மாதிரிக் கேட்டாள். முன் வரிசையில் கதவோரம் உட்காரும் சருகுமான். பெயர் அமுதவல்லி. முயல் உயரம்தான் இருப்பாள். போன கோடையில் முள் ஏறியதில் பின் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள்.

"சார், சம்மதம் குடுக்கலைன்னா என்ன சார் ஆகும்?"

அழுங்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பதினான்கு வருடத்தில் பாடத்தைப் பற்றி வந்த முதல் கேள்வி அது.

"குடுக்காம இருக்கவும் உரிமை இருந்தாத்தாம்மா அதுக்குப் பேரு சம்மதம். இல்லேன்னா அது வெறும் கையெழுத்து."

அவள் அதை எழுதிக்கொண்டாள். வீட்டுக்குப் போய் மறுபடி படித்தாளாம்.

இதற்கிடையில் துறையின் முதல் மாணவன் கீரி, இறுதியாண்டுத் திட்டமாக ஒரு செயலி செய்தான். கோடையில் ஆற்றுத் துறையில் தண்ணீர் குடிக்கக் கூட்டம் தள்ளும், அடிதடியாகும். அதைத் தீர்க்க முன்பதிவுச் செயலி. உங்கள் நேரத்தைப் பதிவு செய்தால் போதும், வரிசையில் நிற்காமல் வந்து குடித்துவிட்டுப் போகலாம். நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை.

பதிவுப் படிவம் பதினோரு பக்கம். செயலிக்கு எதற்குக் காகிதப் படிவம் என்று கேட்காதீர்கள். காகிதத்தில் எழுதி, மூன்று நகல் எடுத்து, முத்திரை வாங்கி, அப்புறம் செயலியில் ஏற்றினால்தான் அது நவீனம்.

அழுங்கு படிவத்தைப் புரட்டினார். எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பீர்கள்? சரி. எங்கே தூங்குவீர்கள்? எவ்வளவு நேரம் அசந்து தூங்குவீர்கள்? ஓடும் வேகம் என்ன? எந்தக் கால் பலவீனம்?

"கீரி, தண்ணி குடிக்கிறதுக்கு எந்தக் கால் பலவீனம்னு எதுக்குப்பா?"

"பயனாளி அனுபவத்தை மேம்படுத்தறதுக்கு சார்."

"யாரோட அனுபவத்தை?"

கீரி அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காட்டினான். திட்டமிட்டு மறைத்தான் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி அவன் தலைக்குள் போகவே இல்லை. அந்த நாலு கேள்விகளையும் சேர்க்கச் சொன்னது திட்டத்தின் ஆதரவாளர், சிறுத்தையார். அவர் நிறுவனம்தான் வரும் ஜூனில் அறுபத்திரண்டு பேரையும் வேலைக்கு எடுப்பதாக வாக்களித்திருந்தது. அப்படிப்பட்டவரிடம் எதற்கு என்று யார் கேட்பார்கள்?

சிறுத்தையார் கல்லூரிக்கு வந்தபோது டை கட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் ஒரு குட்டி முயல் நடுங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீங்க. நான் வேட்டையை விட்டு ரொம்ப நாளாச்சு. நாங்க இப்ப பட்டியல் மட்டும்தான் தயார் பண்றோம்."

பட்டியல் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

அழுங்கு நேராக முதல்வர் அறைக்குப் போனார். "சார், இது பதிவுப் படிவம் இல்ல சார். இது சாப்பாட்டு மெனு. இந்தப் பட்டியல் புலியாருக்குப் போகுதுன்னு காடே பேசுது. அற ஒப்புதல்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"மிஸ்டர் அழுங்கு, புதன்கிழமை குழு வருது. அறக் குழு ஒப்புதல்னு ஒரு தாள் ஃபைல்ல இருந்தாகணும். அறக் குழுன்னா நீங்க ஒருத்தர்தான்."

"முடியாது சார்."

"முடியாதா?" காட்டெருமையின் குரல் ஜன்னலை ஆட்டியது. "ஜூன்ல ஆர்டர் வேணுமா வேண்டாமா?"

அழுங்கு சுருண்டுவிட்டார். முதல்வர் சிறிது நேரம் பந்தைச் சுற்றி நடந்தார். வால் நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல்வர் மைப் பெட்டியைத் திறந்தார், வால் நுனியில் மை தடவினார், ஒப்புதல் தாளில் ஒத்தி எடுத்தார். 'அறக் குழு ஏகமனதாக ஒப்புதல் அளித்தது' என்று கீழே எழுதினார். ஏகமனது என்பதில் பொய் ஒன்றும் இல்லை. குழுவில் இருந்ததே ஒரு ஆள்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. படிவம் நிரப்புவதே அறப் பாடத்தின் அகமதிப்பீட்டுப் பயிற்சி. திங்கட்கிழமைக்குள் நிரப்பித் தராதவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை. வகுப்பில் அழுங்கு அதைப் படித்தபோது அமுதவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், குடுக்காம இருக்க உரிமை இருக்குன்னு..."

"ஹால் டிக்கெட் இல்லாம போயிடும்மா." அழுங்கு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வெட்கத்தில் அவர் செதிலெல்லாம் கூசியது. ஏதாவது ஒன்றையாவது ஒழுங்காகச் சொல்லலாம் என்று எல்லோரையும் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்: "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். காப்பி அடிக்காதீங்க. அவங்கவங்க விடையை அவங்கவங்களே எழுதுங்க. தரவுன்னா உண்மையா இருக்கணும். அதுதான் ரெண்டாவது யூனிட்."

அவர் வாயை அன்றைக்கு யாராவது பொத்தியிருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லூரியில் எதையும் யாரும் சொந்தமாக எழுதியதில்லை. ஆய்வகத்தின் ரெக்கார்டு நோட் இருக்கிறதே, அது கல்லூரி தொடங்கிய வருடம் ஒரு காட்டுப்பூனை எழுதியது. அதைத்தான் வருடா வருடம் எல்லோரும் பார்த்து எழுதினார்கள். ஏழாம் பக்கத்தில் காட்டுப்பூனை தேநீர் கொட்டிய வட்டம் ஒன்று உண்டு. அதையும் காம்பஸ் வைத்து வரைந்து, 'படம் 3' என்று பெயர் போட்டு, பேராசிரியர்கள் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் ஒருத்தன் வட்டத்தை விட்டுவிட்டான். அவனுக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார்கள்.

சிறுத்தையாருக்கு இந்த மரபு தெரியாது. பிள்ளைகளுக்கு எப்படி நிரப்புவது என்று தெரிய வேண்டுமே என்று, படிவம் ஒன்றைத் தானே நிரப்பி, மேலே 'மாதிரி' என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். தன் சொந்த விவரத்தையே எழுதினார். கருப்புப் பாறைக்குக் கீழே, இரட்டை நாவல் மரத்துக்குப் பக்கத்துக் குகை. மாலை ஐந்தேகால் மணிக்கு ஆழ்ந்த தூக்கம். பிடித்த உணவு மான். பலவீனம்: சாப்பிட்ட பிறகு இடி விழுந்தாலும் எழமாட்டேன். எல்லாம் உண்மை. தன் விலாசத்தைத் தேடிக்கொண்டு யாராவது பசியோடு வருவார்கள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. படிவம் தயாரிப்பவர்களுக்கு அது எட்டுவதில்லை. எட்டியிருந்தால் படிவம் பதினோரு பக்கம் இருக்குமா?

திங்கட்கிழமை அறுபத்திரண்டு படிவங்களும் அழுங்கின் மேசைக்கு வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை நண்பகலில் கீரி அவற்றைச் செயலியில் ஏற்றுவான்.

முதலில் முயலின் படிவம். 'வசிப்பிடம்: கருப்புப் பாறைக் குகை. பிடித்த உணவு: மான்.' அழுங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது உடும்பு. கருப்புப் பாறை, ஐந்தேகால், மான். காட்டுப்பன்றியும் அப்படியே. மரநாய் படிவத்தின் மேலே 'மாதிரி' என்ற சொல்லையும் சேர்த்து எழுதியிருந்தான். கீரி, அந்தப் படிவத்தைத் தயாரித்தவன், அவனும் பார்த்துத்தான் எழுதியிருந்தான்.

அழுங்குக்கு வந்த கோபத்தில் செதில்கள் சடசடவென்று நின்றன. "சொந்த வீட்டு விலாசத்தைக் கூடவாடா பார்த்து எழுதுவீங்க?" என்று காலி அறையில் கத்தினார். அறுபத்தொன்றாவது படிவம் வரை அதே குகைதான்.

அறுபத்திரண்டாவது அமுதவல்லியுடையது. 'வசிப்பிடம்: ஆற்றங்கரை மூங்கில் புதர், தெற்கிலிருந்து மூன்றாவது. அம்மாவும் நானும். தண்ணீர் குடிக்கும் நேரம்: நாலரை. ஓடும் வேகம்: முன்பு நன்றாக ஓடுவேன். பலவீனம்: பின் இடது கால், போன கோடையில் முள் ஏறியது, இன்னும் வலிக்கிறது.'

அழுங்குக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளையாவது சொன்னதைக் கேட்டதே. மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தார். அமுதவல்லியின் பெயருக்கு எதிரே அழுத்தி எழுதினார்: பத்துக்குப் பத்து. குறிப்பு: சொந்த விடை.

பேனாவை மூடும்போதுதான் அவருக்கு உறைத்தது. பார்த்து எழுதிய அறுபத்தோரு திருடர்களும் பிழைத்துக்கொண்டார்கள். புலியாரின் தட்டில் போய் உட்காரப்போவது தான் பத்துக்குப் பத்து போட்டவள் மட்டும்தான். அவளோடு அவள் அம்மாவும்.

உண்மையைச் சொல்லி எல்லாப் படிவத்தையும் திருப்பி அனுப்பலாமா? அனுப்பினால் அறுபத்தோரு பேரும் உண்மையான விலாசத்தை எழுதித் தர வேண்டிவரும். அமுதவல்லியின் படிவத்தை மட்டும் கிழித்துப் போடலாமா? ஒரு படிவம் குறைந்தால் முதல்வர் அவளைக் கூப்பிட்டுத் தன் கண்ணெதிரே எழுத வைப்பார். நேர்மையாக இருக்க அவருக்கு எத்தனை வழி இருந்ததோ, அத்தனை வழியும் புலியாரின் வாயில் போய்த்தான் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அமுதவல்லியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு காலிப் படிவத்தை முன்னால் வைத்தார். பலகையிலிருந்து கழற்றி வந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்தார்.

"இதைப் பார்த்து எழுதும்மா."

அவள் பேனாவைத் தொடவில்லை. "பார்த்தா சார்?"

"ஆமாம்மா. எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. உன் விவரம் உண்மையா இருக்கு. உண்மையா இருக்கிறதுதான் ஆபத்து. இது புலியாருக்குப் போகுதும்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கால் தன்னால் கதவுப் பக்கம் நகர்ந்தது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க. பொய்த் தரவு குடுக்கிறது தப்பு, அடுத்தவங்க விவரத்தை அவங்களைக் கேக்காம எடுக்கிறது தப்புன்னு. ரெண்டையும் ஒண்ணாச் செய்யச் சொல்றீங்களே."

"சொன்னேம்மா. அது பாடம். இது உன் உசுரு."

"பாடம் வேற, இது வேறயா சார்?"

அழுங்குக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் முதல்வராக இருப்பார்கள்.

"சரி, நீ வகுப்புக்குப் போம்மா" என்றார். அவள் போனதும் கதவைச் சாத்தினார். அவளுடைய படிவத்தைக் கிழித்தார். காலிப் படிவத்தை இழுத்து வைத்து, தன் கையாலேயே, சாய்ந்த சின்ன எழுத்தில் அவள் எழுதுவது போலவே பதினோரு பக்கமும் பார்த்து எழுதினார். அறுபத்திரண்டிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அடித்த காப்பி அது.

நண்பகலில் கீரி எல்லாவற்றையும் ஏற்றினான். சாயங்காலம் புலியாரின் கையிலிருந்த கருவி 'டிங்' என்றது. கருப்புப் பாறைக் குகையில் அறுபத்திரண்டு உணவுகள், ஐந்தேகால் மணிக்கு, ஒரே இடத்தில், ஆழ்ந்த தூக்கத்தில். புலியார் தன் பிள்ளைகள், மைத்துனன், சம்பந்தி என்று பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரே ஒருவர்தான் தூங்கிக்கொண்டிருந்தார், டையைக் கூடக் கழற்றாமல். படிவத்தில் எழுதியபடியே இடி விழுந்தும் எழவில்லை. அவர் நிறுவனம் இதுவரை தந்த தகவல்களிலேயே மிகத் துல்லியமானது அதுதான்.

பன்னிரண்டு பேருக்கு ஒருவர் எப்படிப் போதும்? மறுநாள் புதன்கிழமை அங்கீகாரக் குழு கல்லூரிக்குள் நுழையும்போதே, வாசலில் புலியார் புகார் மனுவோடு நின்றார்.

"அறுபத்திரண்டுன்னு சொல்லி ஒண்ணுதான் வந்தது. இதுதான் உங்க தரமா?"

சிறுத்தையார் செத்துப்போனதைப் பற்றி யாரும் புகார் தரவில்லை. செத்தவர் வந்து தந்தால்தானே விசாரிக்க முடியும்? வாடிக்கையாளர் புகார் வந்துவிட்டது. உடனே தரவு நேர்மை விசாரணை தொடங்கியது. குழுத் தலைவர் கொக்கு. ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, ஃபைலைப் புரட்டச் சொன்னார்.

முதலில் மாணவர்கள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?" என்று கொக்கு கேட்டார்.

"பார்த்து எழுதினோம் ஐயா. எப்பவும் அப்படித்தான்" என்றான் கீரி.

கொக்கு முதல்வரைப் பார்த்தார். முதல்வர் ரெக்கார்டு நோட்டுகளைக் காட்டினார். ஏழாம் பக்கத்து வட்டம் எல்லா வருடமும் ஒரே அளவில் இருந்தது. "கல்லூரி மரபு. தரவில் சீர்மை உள்ளது, பாராட்டத்தக்கது" என்று கொக்கு எழுதிக்கொண்டார்.

பிறகு மதிப்பெண் பதிவேடு வந்தது. கொக்கு ஒரு கண்ணைத் திறந்தார்.

"இங்கே ஒருத்திக்கு மட்டும் 'சொந்த விடை'ன்னு போட்டுப் பத்து மார்க் இருக்கு. படிவத்தைப் பார்த்தா மத்தவங்க எழுதினதேதான் இருக்கு. அப்ப சொந்த விடை எங்கே?"

அழுங்குக்கு அப்போதுதான் பதிவேட்டின் நினைவே வந்தது. முதல்வர் அவசரமாகக் குனிந்து அமுதவல்லியின் காதில் சொன்னார்: "உன் கையெழுத்துதான்னு சொல்லிடும்மா. சார் வேலை அதுலதான் இருக்கு."

அமுதவல்லி நடுவில் வந்து நின்றாள். அழுங்கு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். கொக்கு படிவத்தை நீட்டினார்.

"இது நீ எழுதினதா?"

முந்தின நாள் சார் பார்த்து எழுதச் சொன்ன மாதிரிதான் அதில் இருந்தது; எழுதியது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அழுகை வந்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவளுக்கு அது தெரியும். முதல்வர் காதில் சொன்னதிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் அவள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாயில் வரவில்லை.

"இல்லைங்க ஐயா. சார் எழுதினது. என்னையும் எங்கம்மாவையும் புலி திங்கக் கூடாதுன்னு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார் கொக்கு. முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு அரை மணி நேரத்தில் வந்தது. கல்லூரியின் வரலாற்றில் தரவு அறத்தை மீறியதாக ஆவணம் உள்ள ஒரே நபர், தரவு அற ஆசிரியர். மாணவியின் படிவத்தை அனுமதியின்றித் திருத்தியதற்காக உடனடிப் பணிநீக்கம். கல்லூரிக்கு 'ஏ' தரம். மீறலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அறச் சூழல் வலுவாக இருப்பதால் கூடுதலாக ஒரு நட்சத்திரம்.

சிறுத்தையாரின் நிறுவனத்தைப் புலியார் எடுத்து நடத்துகிறார். கீரி அங்கே மேலாளராகச் சேர்ந்துவிட்டான். படிவம் இப்போது பதினாலு பக்கம். மாதிரியை மட்டும் யாரும் பலகையில் ஒட்டுவதில்லை.

அழுங்கு பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அமுதவல்லி வழியில் நின்றிருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னை மன்னிச்சிடுங்க சார். ஆமான்னு சொல்லிடணும்னுதான் நினைச்சேன். பொய் வரமாட்டேங்குது சார்."

பதினான்கு வருடச் சம்பாத்தியம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவருக்கு ஆத்திரம் வந்தது. இந்தப் பெண்ணை இரண்டு அறை அறையலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது, நான் மறைக்க மாட்டேன். பிறகு அவள் உயிரோடு, இரண்டு கண்ணிலும் நீர் வழிய, எதிரே நிற்பதைப் பார்த்தார்.

"நீ எல்லாத்தையும் சரியாத்தாம்மா புரிஞ்சுக்கிட்டே" என்றார். "தப்பு என் பேர்லதான். நல்லா நடத்திட்டேன்."

அடுத்த பருவத்துக்கு அறப் பாடம் நடத்தக் கிளியைப் போட்டார்கள். கிளி குறிப்பு மட்டும் சொல்லும், கேள்வி கேட்டால் குறிப்பை மறுபடி சொல்லும். அறுபத்திரண்டு பேரும் தேறினார்கள். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை.

நீதி: அறத்தை எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் நடத்தலாம், ஒரு மாணவிக்குக் கூடப் புரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே நல்லாசிரியருக்கு அழகு.